நம்ம குமரியில் இத்தனை ஆயர்கள் ஏன், அவர்களுக்கு மேலே யார்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளவங்கோடு பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த சமூகத்தில், பல வருடமாக ஞாயிறு மறைக்கல்வி எடுத்து வருகிறேன். உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகள் கேட்ட கேள்விகளும், வகுப்பு முடிந்து வாசலில் நிற்கும் பெற்றோர்கள் கேட்ட கேள்விகளும் சேர்ந்து ஒரு நோட்டுப் புத்தகமே நிறைந்துவிட்டது. அதில் ஆயர்களைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் குருவானவர் அல்ல, சாதாரணப் பொதுநிலையினன்தான்.

ஒரே மாவட்டத்துக்கு நான்கு ஆயர்கள் எதற்கு?

தமிழ்நாட்டிலேயே சின்ன மாவட்டங்களில் ஒன்று நம்முடையது. ஆனாலும் கோட்டாறு, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை என்று நான்கு கத்தோலிக்க மறைமாவட்டங்கள், அதாவது ஆளுக்கொரு ஆயரின் ஆட்சிப் பகுதிகள், இங்கே இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். குழித்துறையும் மார்த்தாண்டமும் கூப்பிடு தூரம், அங்கே ஒரு ஆயர், இங்கே ஒரு ஆயர்.

கத்தோலிக்கத் திருஅவை ஒன்றுதான் என்றாலும் அதற்குள் தனித்தனி வழிபாட்டு மரபும் தனி நிர்வாகமும் கொண்ட திருஅவைகள் பல உண்டு. நம்ம ஊரில் ‘ரீத்து’ என்று சொல்வோமே, அதுதான். கோட்டாறும் குழித்துறையும் இலத்தீன். தக்கலை சீரோ-மலபார். மார்த்தாண்டம் சீரோ-மலங்கரை. மூன்றுமே திருத்தந்தையோடு ஒன்றித்தவை. பூசை முறை வேறு, திருவழிபாட்டு ஆண்டு வேறு, ஆயரின் உடையும் தொப்பியும்கூட வேறு.

காலவரிசையில் மூத்தது கோட்டாறு. 1930-ல் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது. அப்போது நாம் திருவிதாங்கூரில் இருந்தோம். 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு இருபத்தாறு வருடம் முன்பே திருஅவையில் நமக்கென்று ஒரு மறைமாவட்டம் வந்துவிட்டது. 1996-ல் ஒரு மாத இடைவெளியில் தக்கலையும் மார்த்தாண்டமும் உருவாயின. முதலாவது சங்கனாச்சேரியிலிருந்தும் இரண்டாவது திருவனந்தபுரத்திலிருந்தும் பிரிந்தவை. கடைசியாக 2014 டிசம்பர் 22 அன்று கோட்டாறு இரண்டாகப் பிரிந்து குழித்துறை பிறந்தது.

நான்குதானா? தூத்தூர்க்காரர்கள் திருவனந்தபுரம் ஆயரைச் சொல்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை ஆகிய மேற்குக் கடற்கரை ஊர்கள் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. வருவாய்த் துறைக்கு அவை தமிழ்நாடு, திருஅவைக்குக் கேரளம். ஆகவே கணக்குப்படி நம் மாவட்டத்துக்குள் ஐந்து ஆயர்களின் ஆட்சி நடக்கிறது. பிள்ளைகளிடம் நான்கு என்று சொல்லிப் பழகியிருந்தேன். ஒரு நாள் சின்னத்துறையிலிருந்து எங்கள் பங்குக்குக் குடிவந்த ஒரு பையன் எழுந்து நின்று திருத்தினான்.

பேராயர், ஆயர், மேற்றிராணியார் – எது சரி?

பழைய ஆட்கள் மேற்றிராணியார் என்பார்கள். இன்று கத்தோலிக்கர்களிடையே ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சகோதரர்கள் பிஷப்பையே பேராயர் என்பார்கள். கல்யாண அழைப்பிதழில் ‘பேராயர் தலைமையில்’ என்று பார்த்து மதுரையிலிருந்து கத்தோலிக்கப் பேராயரே வருவதாக நினைத்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

நம் ஆயருக்கு மேலே யார்? மதுரைப் பேராயர் அவருக்கு மேலதிகாரியா?

இந்தக் கேள்வியில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். கலெக்டர், தாசில்தார், வி.ஏ.ஓ. என்று படிப்படியாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆயர், பேராயர், கர்தினால், போப்பாண்டவர் என்பதும் அப்படியே தெரிகிறது. ஆனால் கலெக்டர் ஆபீசில் நடப்பதுபோல் இங்கே நடக்காது.

மறைமாவட்டத்துக்குள் ஆயருடைய அதிகாரம் முழுமையானது. திருத்தந்தைக்கு அவர் நேரடியாகக் கடமைப்பட்டவர். இலத்தீன் ஆயர்களைப் பொறுத்தவரை கோட்டாறும் குழித்துறையும் மதுரை மறைமாநிலத்தில் அடங்கும். ஒரு பேராயரைச் சுற்றியுள்ள மறைமாவட்டங்களின் தொகுதிதான் மறைமாநிலம். திண்டுக்கல், பாளையங்கோட்டை, சிவகங்கை, திருச்சிராப்பள்ளி, தூத்துக்குடி ஆகியவையும் அதில் சேர்த்தி. மதுரைப் பேராயர் அந்தக் குடும்பத்தில் மூத்த அண்ணன் மாதிரி. ஆயர் பதவி காலியாகி எட்டு நாளுக்குள் ஆலோசகர்கள் நிர்வாகி ஒருவரைத் தேர்ந்தெடுக்காவிட்டால், பேராயர் நியமிப்பார். ஏதாவது தவறு கண்ணில் பட்டால் உரோமைக்குத் தெரிவிப்பார். மற்றபடி கோட்டாறு ஆயர் எந்தக் குருவை எந்தப் பங்குக்கு மாற்றவேண்டும் என்று மதுரையிலிருந்து உத்தரவு போட முடியாது.

தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் கதை வேறு. தக்கலை, சங்கனாச்சேரி மறைமாநிலத்தில் இருக்கிறது. அதற்கும் மேலே காக்கநாட்டில் சீரோ-மலபார் உயர் பேராயர். மார்த்தாண்டத்துக்கு மேலே திருவனந்தபுரம் பட்டத்தில் சீரோ-மலங்கரை உயர் பேராயர். கீழைத் திருஅவைகளில் ஆயர்கள் கூடும் ‘சினோடு’ என்ற மன்றத்துக்கு உண்மையான சட்ட அதிகாரம் உண்டு. இலத்தீன் ஆயர்களின் பேரவைக்கு அந்த அளவு கிடையாது. தக்கலையின் முதல் ஆயர் ஜார்ஜ் ஆலஞ்சேரி, 2011-ல் சீரோ-மலபார் திருஅவை முழுமைக்கும் தலைவரானார், மறுவருடம் கர்தினாலானார், 2013-ல் திருத்தந்தையைத் தேர்ந்தெடுத்த கான்கிளேவில் வாக்களித்தார். தக்கலை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் யோசிப்பதுண்டு.

‘ஆயர் பேரவை’ என்று அறிக்கைகளில் வருகிறதே, அது என்ன?

ஒரு நாட்டின் அல்லது பகுதியின் ஆயர்கள் எல்லாரும் சேர்ந்து கூடிப் பேசும் நிலையான அமைப்பு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் ஆயர்களின் பணி பற்றி வெளியிட்ட ஏட்டில் இதற்குத் தெளிவான இடம் கிடைத்தது. இந்தியா அதற்கு முந்திக்கொண்டது. 1944-ல், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, சென்னையில் கூடிய பேராயர்கள் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையைத் தொடங்கிவிட்டார்கள்.

இன்று நம் ஆயர்கள் உட்காரும் மேசைகளைச் சொல்கிறேன். தமிழக ஆயர் பேரவை ஒன்று; தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலுமாக இலத்தீன் மறைமாவட்டங்கள் மட்டுமே 18. இந்தியா முழுவதுமுள்ள இலத்தீன் ஆயர்களுக்கு ஒரு பேரவை. மூன்று ரீத்து ஆயர்களும் சேர்ந்து உட்காருவது 1944-ல் தொடங்கிய அந்தப் பொதுப் பேரவை. ஏன் இரண்டு? 1987-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மூன்று திருஅவைகளும் தத்தம் ஆயர் அமைப்பை வைத்துக்கொள்ளலாம், பொது விஷயங்களுக்கு பழைய பேரவை நீடிக்கட்டும் என்று இந்திய ஆயர்களுக்குக் கடிதம் எழுதினார். கல்வி, சிறுபான்மையினர் உரிமை, அரசோடு பேச்சு போன்றவை பொதுப் பேரவைக்குப் போகும். பூசைப் புத்தகம், திருநாள் காலண்டர் போன்றவை அந்தந்த ரீத்துக்கு.

பேரவை முடிவெடுத்தால் எல்லா ஆயர்களும் கட்டுப்பட வேண்டுமா?

பெரும்பாலும் இல்லை. திருஅவைச் சட்டத்தின் 455-ஆம் பிரிவைப் பாருங்கள். சட்டமே அனுமதித்த விஷயத்திலோ, உரோமை தனியாக அதிகாரம் கொடுத்த விஷயத்திலோ மட்டும்தான் பேரவை கட்டுப்படுத்தும் ஆணை போடலாம். அதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், பிறகு உரோமையின் ஒப்புதல் வேண்டும். மற்றதெல்லாம் ஆலோசனை.

கண்ணால் பார்த்த உதாரணம் வேண்டுமென்றால், ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா. பாஸ்கா ஞாயிறு (ஈஸ்டர்) தொடங்கி நாற்பதாம் நாள், வியாழனன்று வரவேண்டிய திருநாள் அது. நம் நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொண்டாடுகிறோம். அப்படி மாற்றும் அதிகாரம் சட்டப்படி ஆயர் பேரவைக்கு உண்டு, உரோமை சம்மதித்தால். வியாழக்கிழமை வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பூசையைத் தவறவிட வேண்டாம் என்பதுதான் காரணம்.

தேவசகாயம் புனிதரானதில் இந்தப் பேரவைகளுக்குப் பங்கு உண்டா?

உண்டு, சுவாரசியமான பங்கு. நட்டாலத்தில் 1712-ல் பிறந்து, வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தவர். உடல் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது. புனிதர் பட்ட நடைமுறையைத் தொடங்கி நடத்துவது மறைமாவட்ட ஆயரின் வேலை, முடிவு உரோமையின் வேலை. 2012-ல் அருளாளர், 2022 மே 15-ல் புனிதர்.

அதோடு முடியவில்லை. இந்திய இலத்தீன் ஆயர்கள் சேர்ந்து, இவரை இந்தியப் பொதுநிலையினரின் பாதுகாவலராக அறிவிக்கவேண்டும் என்று கேட்டார்கள். 2025-ல் வத்திக்கான் ஒப்புக்கொண்டது. ஒரு ஆயர் தனியாகக் கேட்டுக் கிடைக்காது, பேரவை தானாக அறிவிக்கவும் முடியாது. பேரவை கேட்டு, உரோமையும் சம்மதித்தால்தான் காரியம். பிறந்த ஊர் குழித்துறை மறைமாவட்டத்தில், கல்லறை கோட்டாறில். திருநாள் வந்தால் இரண்டு பக்கமும் கூட்டம், அதில் நமக்கென்ன வருத்தம்!

சரி, ஆசியா முழுவதற்கும் ஓர் அமைப்பு இருக்கிறதா?

இருக்கிறது. ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு. ‘பேரவைகளின்’ என்ற பன்மையைக் கவனியுங்கள். தனி ஆயர்களைவிட, நாட்டுப் பேரவைகள்தான் இதில் உறுப்பினர்கள்.

1970 நவம்பர் கடைசியில் திருத்தந்தை ஆறாம் பவுல் மணிலாவுக்கு வந்தார். அவரைச் சந்திக்க ஆசியாவெங்கிலுமிருந்து 180 ஆயர்கள் கூடினார்கள். விமான நிலையத்தில் ஒரு பொலிவிய ஓவியர் பாதிரியார் வேடத்தில் கத்தியோடு திருத்தந்தை மேல் பாய்ந்த சம்பவம்தான் அன்றைய பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அந்தப் பரபரப்புக்கு நடுவே ஆயர்கள் ஒருவரையொருவர் முதன்முறையாக நேரில் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை ஜப்பான் ஆயருக்கு உரோமை தெரியும், பாரிஸ் தெரியும், பக்கத்திலிருக்கும் கொரிய ஆயரைத் தெரியாது. நம்மாட்களுக்கும் அப்படித்தான். காலனி ஆட்சிக் காலத்தில் ஒவ்வொரு நாட்டுத் திருஅவையும் தன் தன் ஐரோப்பியத் தாய் வீட்டைப் பார்த்தபடியே வளர்ந்ததால் வந்த வினை இது. ஏழைகளின் திருஅவையாக இருப்போம், நமக்குள் நிலையான தொடர்பு வைத்துக்கொள்வோம் என்று அந்தக் கூட்டத்தில் முடிவு செய்தார்கள். 1972-ல் வத்திக்கான் விதிமுறைகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. முதல் பொதுக் கூட்டம் 1974-ல் தைபேயில் நடந்தது. இரண்டாவது 1978-ல் நம்ம கல்கத்தாவில்.

அது போடும் உத்தரவு நம் ஆயரைக் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தாது. இது தன்விருப்பத்தில் சேர்ந்த கூட்டமைப்பு. அது எடுக்கும் முடிவுக்குச் சட்ட வலு இல்லை. இதைக் கேட்டதும் ‘அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு பண்ணிக் கூடுகிறார்கள்’ என்று ஒரு அப்பா என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் கீழே அன்பியத்தைப் பற்றிச் சொல்லும்போது வரும்.

எந்தெந்த நாடுகள்? என் மகன் துபாயில் இருக்கிறான், அதுவும் ஆசியாதானே?

பூகோளப் பாடத்தில் ஆசியா, இந்தக் கூட்டமைப்பில் இல்லை. பாகிஸ்தானிலிருந்து ஜப்பான் வரை, கசகஸ்தானிலிருந்து கிழக்குத் தீமோர் வரை இதன் வட்டம். வளைகுடா நாடுகளின் ஆயர்கள் அரபு நாடுகளின் இலத்தீன் ஆயர் பேரவையில் சேர்ந்தவர்கள். அதற்குத் தலைவர் எருசலேம் இலத்தீன் முதுபெரும் தந்தை. உங்கள் மகன் துபாய் தூய மரியன்னை ஆலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போனால், அவன் தென் அரேபியத் திருத்தூதரக மறைமாவட்டத்தின் ஆளாகிவிடுகிறான். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் என்றால் வட அரேபியா. அங்கே ஆயரின் மந்தையில் கிட்டத்தட்ட எல்லாருமே பிழைக்க வந்தவர்கள். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஒருவர் அங்கே இருக்கும் நிலையில், இந்த இரண்டு வட்டங்களும் இன்னும் நெருங்கி வேலை செய்யவேண்டும் என்பது என் சொந்த ஆசை.

சீனா?

பெருநிலப்பகுதிச் சீனாவின் ஆயர்கள் இதில் உறுப்பினர்கள் அல்ல. தைவான் ஆயர்கள் உண்டு. ஹாங்காங்கும் மக்காவும் இணை உறுப்பினர்கள்.

இத்தனை நாட்டு ஆயர்கள் கூடி என்னதான் பேசுகிறார்கள்?

ஐம்பது வருடமாக அவர்கள் சுற்றிச் சுற்றி வருவது மூன்று உரையாடல்களை: ஆசியாவின் ஏழைகளோடு, ஆசியாவின் பண்பாடுகளோடு, ஆசியாவின் சமயங்களோடு. 1974 தைபே கூட்டத்திலேயே இந்த மூன்றும் வந்துவிட்டன.

குமரிக்காரர்களுக்கு இது கொஞ்சம் புரியாது, ஏனென்று சொல்கிறேன். ஆசிய மக்களில் கத்தோலிக்கர்கள் சுமார் 3 விழுக்காடு. பிலிப்பைன்ஸும் கிழக்குத் தீமோரும்தான் விதிவிலக்கு. நம் மாவட்டத்திலோ 2011 கணக்கெடுப்பின்படி எல்லாச் சபைக் கிறிஸ்தவர்களும் சேர்ந்து 46.85 விழுக்காடு, இந்துக்கள் 48.65. இங்கே வளரும் பிள்ளைக்குத் தான் சிறுபான்மை என்ற நினைப்பே வராது. தெருமுனைக் குருசடியும், டிசம்பர் 3 சவேரியார் திருநாளுக்கு மாவட்டமே விடுமுறையும் பார்த்து வளர்ந்தவனுக்கு, கியோட்டோவில் ஞாயிறு பூசைக்கு முப்பது பேர் வருவது எப்படியிருக்கும் என்று தெரியாது. மதுரைக்கு வேலைக்குப் போன பிறகுதான் அவனுக்கு முதல் அதிர்ச்சி.

ஆனால் சமய உரையாடல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டுக் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. எங்கள் வீட்டில் பெரியவர்கள் அதைப் பற்றி இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். குன்றக்குடி அடிகளார் வந்து அமைதிக்காக உழைத்ததும், பல சமயத்தாரும் சேர்ந்த திருவருட் பேரவை இங்கே வேர்விட்டதும் அதன் பிறகு. அதே 1982-ல் ஆசிய ஆயர்கள் தாய்லாந்தின் சாம்பிரானில் தங்கள் மூன்றாவது பொதுக் கூட்டத்தை நடத்தினார்கள். அங்கே தாள்களில் எழுதியதை இங்கே ஒரு சைவ மடத்துத் தலைவரும் குருக்களும் மௌலவிகளும் சேர்ந்து உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்கள்.

இதனால் ஒரு சாதாரணப் பங்கில் என்ன மாறியது?

அன்பியம்.

செவ்வாயோ வியாழனோ சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்து இருபது முப்பது குடும்பம் கூடுவோம் இல்லையா? விவிலியப் பகுதியை ஒருவர் வாசிப்பார். மனதைத் தொட்ட சொல்லை ஆளுக்கொன்றாகச் சொல்லுவோம். சற்று நேரம் மௌனம். பிறகு பகிர்வு, இந்த வாரம் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டுக்கு ஓலை மாற்றவேண்டும் என்ற பேச்சு, கடைசியில் கட்டன்சாயா. இந்த ‘ஏழு படிகள்’ முறை தென்னாப்பிரிக்காவின் லும்கோ என்ற மேய்ப்புப்பணி மையத்தில் பிறந்தது. ஆசிய ஆயர்கள் 1990-ல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடியபோது, திருஅவை என்பது சிறு சமூகங்களின் சமூகமாக, எல்லாரும் பங்கேற்பதாக இருக்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். அந்தப் பார்வையைப் பங்குகளுக்குக் கொண்டுபோக 1993 முதல் கூட்டமைப்பு ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்தியது, அதில் இந்த ஏழு படிகளும் சேர்ந்தன. பயிற்சி பெற்றவர்கள் ஊர் ஊராகப் போனார்கள்.

அடிமட்டச் சமூகங்கள் லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் முன்பே இருந்தன. ‘அன்பியம்’ என்ற பெயர் மட்டும் தமிழுக்கே உரியது, எனக்கு ரொம்பப் பிடித்த பெயர். மேலே அந்த அப்பா கேட்டாரே, உத்தரவு போட முடியாத கூட்டம் எதற்கு என்று. பாண்டுங்கிலிருந்து யாரும் எங்கள் பங்குக்கு உத்தரவு அனுப்பவில்லை. ஒரு ஆயர் பார்த்தார், பிடித்திருந்தது, தன் மறைமாவட்டத்துக்குக் கொண்டுவந்தார். இன்னொருவர் அவரைப் பார்த்துச் செய்தார். அந்த அப்பாவே இப்போது எங்கள் அன்பியத்தின் பொறுப்பாளர். கூட்டத்துக்கு அவரே தாமதமாக வருகிறார் என்பது வேறு விஷயம்.

வேரித்தாஸ் வானொலி இவர்களுடையதா?

ஆமாம். மணிலாவிலிருந்து 1969-ல் ஒலிபரப்பத் தொடங்கியது. ஆசிய மொழிகள் பலவற்றில் நிகழ்ச்சிகள், தமிழ்ப்பணியும் அதில் ஒன்று. சிற்றலையில் வரும். என் அப்பா ரேடியோவின் ஏரியலுக்கு ஒரு செம்புக் கம்பி கட்டித் தென்னை மரம் வரை இழுத்துவிட்டிருந்தார். காற்றடித்தால் குரல் போய்ப் போய் வரும். நிலையத்துக்குக் கடிதம் எழுதுவதும், தன் பெயர் வாசிக்கப்படுமா என்று காத்திருப்பதும் அவருக்கு ஒரு பண்டிகை. 2018 நடுவில் சிற்றலை நின்று எல்லாம் இணையத்துக்கு மாறிவிட்டது. இலங்கைத் தமிழர், மலேசியத் தமிழர், குமரித் தமிழர் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்ட அனுபவம் அதோடு போய்விட்டது. ஆயர்களின் கண்டம் தழுவிய ஒத்துழைப்பு என்றால் என் மனதில் முதலில் வருவது எந்த ஆவணமும் அல்ல, அந்தக் கரகரப்புதான்.

ஆயரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பேரவையா?

இலத்தீன் ஆயர்களைத் திருத்தந்தை நியமிக்கிறார். மறைமாநில ஆயர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது தகுதியான குருக்களின் பெயர்ப் பட்டியலைத் தயார் செய்வார்கள். இடம் காலியானால் டெல்லியிலுள்ள திருத்தந்தையின் தூதர் ரகசியமாக விசாரித்து மூன்று பெயர்களை உரோமைக்கு அனுப்புவார். மார்த்தாண்டம், தக்கலை மாதிரித் தங்கள் எல்லைக்குள் இருக்கும் கீழை மறைமாவட்டங்களுக்கு அந்தத் திருஅவையின் சினோடு தேர்ந்தெடுக்கும். திருத்தந்தையின் இசைவு வேண்டும். ஆசியக் கூட்டமைப்புக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. 75 வயதில் ஆயர் விலகல் கடிதம் கொடுக்கவேண்டும்.

காலியிடம் உடனே நிரம்பிவிடும் என்று நினைக்காதீர்கள். குழித்துறை 2020 முதல் 2024 தொடக்கம் வரை ஆயர் இல்லாமல் இருந்தது.

எங்களைப் போன்றவர்கள் பேச இடம் உண்டா?

2021-ல் உங்கள் பங்கில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்களா? திருஅவையில் உங்கள் குரல் கேட்கப்படுகிறதா, யார் ஓரங்கட்டப்படுகிறார்கள் என்றெல்லாம் இருந்திருக்கும். கூட்டியக்கத் திருஅவை, அதாவது எல்லாரும் சேர்ந்து நடக்கும் திருஅவை, பற்றிய ஆயர் மாமன்றத்தின் முதல் படி அது. பங்கில் எழுதியது மறைமாவட்டத்துக்கு, அங்கிருந்து தேசியப் பேரவைக்கு, அப்புறம் கண்டத்துக்கு என்று போனது. 2023 பிப்ரவரியில் ஆசியாவுக்கான கூட்டம் பாங்காக் அருகே நடந்தது. ஆயர்களோடு குருக்கள், கன்னியர், பொதுநிலையினர் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அந்த அக்டோபரில் உரோமை மாமன்றத்தில் பெண்கள் உட்படப் பொதுநிலையினருக்கு வாக்கு கிடைத்தது, இது இதற்குமுன் நடந்ததில்லை.

எங்கள் பங்கில் கேள்வித்தாளைப் பாதிப்பேர் நிரப்பவில்லை. நிரப்பியவர்களில் சிலர் கல்லறைத் தோட்டத்துச் சுவர் பற்றி மட்டும் எழுதினார்கள். அதுவும் ஒரு குரல்தானே!

பணம் எங்கிருந்து வருகிறது?

உறுப்புப் பேரவைகள் கட்டும் பங்குத் தொகை, ஐரோப்பியக் கத்தோலிக்க உதவி நிறுவனங்கள் தரும் நன்கொடை. உங்கள் ஞாயிறு காணிக்கையிலிருந்து நேராக எதுவும் போவதில்லை.

மற்ற கண்டங்களில்?

லத்தீன் அமெரிக்கா முன்னோடி, 1955-லேயே தொடங்கிவிட்டார்கள். மெதெயின் 1968, புவேப்லா 1979 கூட்டங்கள் உலகத் திருஅவையையே அசைத்தவை. 2007-ல் அபரெசிதாவில் நடந்த கூட்டத்தின் ஆவணத்தைத் தொகுத்த குழுவுக்குத் தலைவர் புவனோஸ் ஐரிஸ் கர்தினால் பெர்கோலியோ. ஆறு வருடத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் ஆனார். ஆப்பிரிக்கா 1969-ல், ஐரோப்பா 1971-ல். லத்தீன் அமெரிக்காவுக்கு நம்மைவிட ஒரு வசதி உண்டு: பெரும்பாலும் இரண்டே மொழிகள். நமக்கோ எல்லாம் ஆங்கிலத்தில். ஆசிய ஆயர்களின் அருமையான அறிக்கைகள் தமிழில் பங்குவரை வந்து சேருவது அபூர்வம். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. பாங்காக்கில் 2022 அக்டோபரில் ஐம்பதாண்டு நிறைவுக் கூட்டம் இரண்டு வாரத்துக்கும் மேல் நடந்தது. அங்கே பேசியது என்னவென்று எங்கள் பங்குப்பேரவையில் கேளுங்கள், ஒருவருக்கும் தெரியாது.

ஒக்கிப் புயலின்போது இந்த ஒத்துழைப்பு வேலை செய்ததா?

2017 நவம்பர் 29, 30. கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அதிகம் பறிகொடுத்தவை தூத்தூர் பக்கத்து ஊர்கள். முன்னே சொன்ன எல்லைக் கோடு அன்று வலித்தது: மாநிலம் தமிழ்நாடு, மறைமாவட்டம் திருவனந்தபுரம். நிவாரணம், காணாமல்போனவர் பட்டியல் எல்லாவற்றுக்கும் இரண்டு தலைநகரங்களின் கதவைத் தட்டவேண்டியிருந்தது. டிசம்பர் 7-ல் மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். இரு மாநிலத் திருஅவையினரும் குரல் கொடுத்தார்கள், பங்குத்தந்தையர் மக்களோடு உட்கார்ந்தார்கள். கண்டம் தழுவிய அமைப்பு இப்படிப்பட்ட நேரத்தில் தூரத்தில்தான் இருக்கும். படகில் ஏறித் தேடப் போனவர்கள் பக்கத்து ஊர் மீனவர்களே.

இப்போது ஆசியக் கூட்டமைப்புக்குத் தலைவர் யார்?

2025 ஜனவரி முதல் கோவா பேராயர் கர்தினால் பிலிப் நேரி ஃபெராவ். அவருக்கு முன் மியான்மரின் கர்தினால் சார்லஸ் போ. 2025 நவம்பர் இறுதியில் மலேசியாவின் பினாங்கில் ஆசியத் திருஅவைகளின் பெரிய எதிர்நோக்குத் திருப்பயணம் ஃபெராவ் தலைவராக இருக்கும்போது நடந்தது.

கோவா என்றதும் நமக்குச் சவேரியார் ஞாபகம் வரும். 1544-ல் நம் கரையோர ஊர்களில் நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகக் கடிதம் எழுதியவர். இங்கிருந்து மலாக்கா, மொலுக்காஸ், ஜப்பான், கடைசியில் சீனக் கரையோரம் ஒரு தீவில் 1552 டிசம்பர் 3-ல் மரணம். ஆசிய ஆயர்கள் மணிலாவில் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள 1970 ஆனது. அவர்களுடைய ஊர்களில் பாதியை இந்த ஒரு மனிதர் பாய்மரக் கப்பலில் போய்ப் பார்த்திருந்தார்.

சி.எஸ்.ஐ. பேராயர்கள் இதில் சேருவார்களா?

மாட்டார்கள், அவர்களுக்குத் தனிச் சினோடு. ஆனால் நாம் கையில் வைத்திருக்கும் 1995-ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியம் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்தது.

எங்கள் பங்கில் ஒரு பிரச்சினை. ஆசியக் கூட்டமைப்புக்கு எழுதலாமா?

எழுதலாம், பலன் இருக்காது. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் நிலத் தகராறு ஒன்றுக்காகத் தமிழக ஆயர் பேரவை, தேசியப் பேரவை, ஆசியக் கூட்டமைப்பு என்று வரிசையாகப் பதிவுத் தபால் அனுப்பினார். தபால் செலவுதான் மிச்சம். பேரவைகளுக்கு உங்கள் ஆயரின் முடிவை மாற்றும் அதிகாரம் இல்லை.

முதலில் பங்குத்தந்தை, அப்புறம் மறைவட்ட (பங்குகளின் தொகுதி) முதன்மைக் குரு, அப்புறம் ஆயர். ஆயரின் எழுத்துபூர்வ முடிவு தவறு என்று நினைத்தால், அதைத் திரும்பப் பார்க்கச் சொல்லி முடிவு கைக்கு வந்த பத்து நாளுக்குள் அவரிடமே விண்ணப்பிக்கவேண்டும். அதன் பிறகுதான் உரோமை. பத்து நாள் என்பதை மறந்துவிடாதீர்கள், பலரும் கோட்டைவிடுவது அங்கேதான். பாலியல் துன்புறுத்தல் தொடர்பான புகார் என்றால் வழி வேறு. 2019-ல் வந்த விதிப்படி ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் புகார் கொடுக்க எளிதான ஏற்பாடு இருக்கவேண்டும். புகார் ஆயர் மேலேயே என்றால் அது உரோமைக்கும் மறைமாநிலப் பேராயருக்கும் போகும்; திருத்தந்தையின் தூதர் வழியாகவும் உரோமைக்கு அனுப்பலாம். போலீசுக்குப் போவதை இந்த விதி எதுவும் தடுக்கவில்லை. தேதி போட்டு, கையெழுத்திட்டு, நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.